நுதலிய பொருள்

ஒருவர் கூறிய சொற்களைக் கேட்டல் வேறு. அவற்றை அவர் எதன்பொருட்டுக் கூறினார் என்பதை அறிதல் வேறு. சொற்களைச் செவி தானே வாங்கிக்கொள்ளும். நோக்கத்தை அறிவே தேடிக் காணல் வேண்டும். இவ்விரண்டற்கும் இடையேயுள்ள தொலைவு எத்துணைப் பெரிது என்பதை இக்காலத்துத் தருக்கநெறித் தேர்வுகள் மாணாக்கர்க்குக் கடுமையாகவே உணர்த்தி வருகின்றன. ஐந்தாறு வாக்கியங்கள் கொண்ட ஒரு சிறு பத்தியைத் தந்து, "இதனை உரைத்தவர் நிலைநாட்ட விரும்பிய முடிபு யாது?" என வினவுகின்றனர். கீழே நான்கு அல்லது ஐந்து விடைகள் நிற்கும். எல்லாம் பத்தியிலுள்ள சொற்களையே அணிந்திருக்கும். அவற்றுள் ஒன்றே உரியது. கற்றறிந்த மாணாக்கரும் இவ்விடத்தே தடுமாறுகின்றனர். பத்தியின் பொருள் விளங்காமையால் அன்று. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே நன்கு விளங்கியும், அவற்றுள் எது தலைவன், எவை ஏவலாளர் என்பது விளங்காமையாலேயே தடுமாறுகின்றனர்.

அமெரிக்க நாட்டுச் சட்டக் கல்லூரிகளிற் சேர விழைவோர் எழுதும் எல்.எஸ்.ஏ.டி. என்னும் தேர்வு 1948ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதன் அமைப்பு மாறியது. புதிர்களைப் போன்றிருந்த ஒரு பகுதி நீக்கப்பெற்று, மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளுள் இரண்டு தருக்கநெறிக்கே உரியவாயின. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடமே தருவர். வினாக்களோ ஏறக்குறைய 25. நம் நாட்டிலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கென 2008ஆம் ஆண்டில் தொடங்கிய கிளாட் தேர்வு, 2020ஆம் ஆண்டு முதல் நீண்ட பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாற்றப்பட்டது. குடிமைப்பணி முதனிலைத் தேர்வின் இரண்டாம் தாள் 2011ஆம் ஆண்டில் இப்போதைய வடிவைப் பெற்றது. 2015ஆம் ஆண்டு முதல் அதில் 33 விழுக்காடு பெற்றாற் போதும் என விதித்தனர். போதும் என்ற சொல் எளிதாய்த் தோன்றுகின்றது. ஆயினும், அதனைப் பெறாதவர் முதல் தாளில் எத்துணைச் சிறப்புற எழுதியிருப்பினும் அவர்க்கு மேலே வழியில்லை. அத்தாளிலும் பத்தியைத் தந்து அதன் உயிர்நிலையான கருத்தைக் கேட்கும் வினாக்கள் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. ஆகவே, ஒரு பத்தியின் முடிபைக் காணும் திறம், பல இளைஞர்களின் வாழ்க்கைவழியை முடிவு செய்யும் ஒன்றாக நிற்கின்றது.

முடிபைப் பற்றி எழுதுவோன் தன் முடிபை ஒளித்துவைத்தல் முறையன்று. ஆதலின் அதனை முதற்கண்ணே கூறிவிடுகின்றேன். இத்திறத்தைத் தேர்வுப் பயிற்சி நிலையங்கள் விற்கும் தந்திரமாகக் கருதி நம் கல்லூரிகள் ஒதுக்கி வைத்தல் தவறு. இது கல்லூரிக் கல்வியின் நடுவிடத்தே வைத்துக் கற்பிக்கத் தக்கது. இஃது எங்கிருந்தோ வந்த புதுமையுமன்று; தமிழ்ப் புலமை மரபு நெடுங்காலம் பயின்று, பின்னர் நம் வகுப்பறைகள் மறந்துவிட்ட பழைய கலையே ஆகும். இதனை இனி ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. ஊர்ப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் பின்வருமாறு பேசுவதாகக் கொள்வோம்:

"நம் குளத்தைத் தூர்வாரி ஆழமாக்கினால் நீர்ப்பஞ்சம் தீரும் என்கின்றனர். தூர்வாருதல் நல்ல பணியே. எனினும், வரத்து வாய்க்கால்களைச் செப்பனிடாமல் குளத்தை மட்டும் ஆழமாக்குவதால் நம் பஞ்சம் தீராது. சென்ற ஆண்டு நன்மழை பெய்தும், குளம் இப்போதுள்ள ஆழத்திற்குப் பாதியும் நிரம்பவில்லை. ஆகவே, பெய்த மழைநீர் குளத்தை வந்தடையவில்லை என்பது தெளிவு."

இவர் நிலைநாட்ட விரும்பிய முடிபு யாது? ஐந்து விடைகளை நிறுத்துவோம். ஒன்று, குளத்தைத் தூர்வாருதல் நல்ல பணி. இரண்டு, பெய்த மழைநீர் குளத்தை வந்தடையவில்லை. மூன்று, வாய்க்கால்களைச் செப்பனிடாமல் குளத்தை ஆழமாக்குவது மட்டும் பஞ்சத்தைத் தீர்க்காது. நான்கு, குளத்தைத் தூர்வாருவதிற் பொருளைச் செலவிடலாகாது. ஐந்து, ஊரின் நீர்ப்பஞ்சமும் குளத்தின் நிலையும்.

மூன்றாவதே உரிய விடை. அதனைக் கண்டவர் மகிழ்க. ஆயினும், ஏனைய நான்கும் ஏன் பிழை என்பதை அறிவதிலேயே கல்வி இருக்கின்றது. ஏனெனில், ஒவ்வொரு பிழையும் படிப்பவரின் ஒரு வழக்கத்தினின்றும் பிறக்கின்றது.

முதல் விடையைத் தேர்ந்தவர், உரைப்பவர் உடன்பட்டுக் கூறியதையும் அவர் நாட்ட வந்ததையும் ஒன்றாகக் கொண்டவர். தூர்வாருதல் நன்று என்பது எதிர்த்தரப்பாரை மதித்து விட்டுக்கொடுத்த ஒன்று. "எனினும்" என்ற சொல்லுக்கு முன்னே நிற்பது பெரும்பாலும் இத்தகையதே. இரண்டாம் விடையைத் தேர்ந்தவர், "ஆகவே" என்ற சொல்லைக் கண்டவுடன் முடிபைக் கண்டுவிட்டதாக எண்ணியவர். அதுவும் ஒரு முடிபே, ஐயமில்லை. ஆனால் அஃது இடைநிலை முடிபு. அளவிற் பாதியும் நிரம்பாமையினின்று அது பிறந்தது. பிறந்தபின் தான் மேலுமொரு முடிபைத் தாங்குகின்றது. படிக்கட்டின் நடுப்படியில் நின்றுகொண்டு மாடியை அடைந்தேன் என்பதைப் போன்றது இவ்விடை.

நான்காம் விடையைத் தேர்ந்தவர், உரைத்தவரைக் காட்டிலும் உரத்துப் பேசுகின்றார். "மட்டும்" என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டார். ஆழமாக்குதல் மட்டும் போதாது என்பதற்கும், அதற்குச் செலவிடவே ஆகாது என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஐந்தாம் விடையைத் தேர்ந்தவர், பேசப்பட்ட பொருளைக் கூறினார். அப்பொருளைப் பற்றி என்ன பேசப்பட்டது என்பதைக் கூறவில்லை. அஃது ஒரு தலைப்பு. முடிபாயின் அதனை ஒருவர் "ஆம்" என்றோ "அன்று" என்றோ கூறி மறுக்க இயல வேண்டும். தலைப்பை யாரும் மறுக்க இயலாது.

இவ்வைந்தாம் வழக்கமே நம் மாணாக்கரிடையே மிகவும் வேரூன்றியுள்ளது என்பது என் எண்ணம். "இக்கட்டுரை எதைப் பற்றியது?" என்ற வினாவையே நாம் தொடக்கப்பள்ளி முதல் கேட்டு வருகின்றோம். "இது குளத்தைப் பற்றியது", "இது கல்வியைப் பற்றியது" என்னும் விடையோடு நிறைவடைகின்றோம். அதனினும் சற்று மேலே சென்றால், மூன்றிலொரு பங்காகச் சுருக்கி வரையும் பயிற்சியைத் தருகின்றோம். சுருக்கி வரைதல் பயனுள்ளதே. ஆயினும், அதனைச் செய்யும் மாணாக்கர் பலர், பத்து வாக்கியங்களையும் சமமாக நறுக்கிப் பத்துச் சிறு வாக்கியங்களாக்கி வைப்பர். அங்கே எல்லாம் சிறிதாயின. எதுவும் தலைமை பெறவில்லை. முடிபைக் காண்போனோ ஒன்பது வாக்கியங்களை ஒன்றன் பணிக்கு வைத்து, அவ்வொன்றை மட்டும் உயர்த்திக் காட்ட வேண்டும். இவ்விரு பயிற்சிகளும் வெவ்வேறு என்பதை ஆசிரியர்களும் உணர்தல் நலம்.

இனி, தலைமையான வாக்கியத்தைக் காணும் வழி யாது? ஐயமான இரு வாக்கியங்களை எடுத்து, ஒன்றை நோக்கி "இதை நான் ஏன் நம்பவேண்டும்?" என வினவுக. மற்றது விடையாக வந்து நின்றால், வினவப்பட்டதே முடிபு. விடையாக வந்தது ஏது. ஆழமாக்குதல் மட்டும் பஞ்சத்தைத் தீர்க்காது, ஏன் நம்பவேண்டும்? மழைநீரே குளத்தை வந்தடையவில்லை. இவ்விணைப்பு பொருந்துகின்றது. திருப்பிக் கேட்போம்: மழைநீர் குளத்தை வந்தடையவில்லை, ஏன் நம்பவேண்டும்? ஆழமாக்குதல் மட்டும் பஞ்சத்தைத் தீர்க்காது என்பதாலா? இது பொருந்தவில்லை. எனவே இவ்விரண்டனுள் முன்னதே உயர்ந்த படி. இங்ஙனம் ஏறிச்சென்று, எந்த வாக்கியம் பிறிதொன்றற்கு விடையாக நில்லாமல், பிறவெல்லாம் தனக்கு விடையாக நிற்கப் பெறுகின்றதோ, அதுவே அப்பத்தியின் முடிபு.

இவ்விடத்தே ஒரு நுட்பம் உண்டு. "ஏன்" என்ற வினாவிற்குத் தமிழில் இரு பொருள் உள. "இஃது ஏன் நிகழ்ந்தது?" என்பது ஒன்று, "இதனை ஏன் நம்பவேண்டும்?" என்பது மற்றொன்று. அணியிலக்கணம் உரைக்கும் தண்டியலங்காரம் ஏதுவணியைப் பகுக்குங்கால் காரகவேது எனவும் ஞாபகவேது எனவும் வேறுபடுத்துகின்றது. காரகவேது ஒன்றைச் செய்விப்பது. ஞாபகவேது ஒன்றை அறிவிப்பது. நெருப்பு புகைக்குக் காரகவேது. புகை நெருப்புக்கு ஞாபகவேது. குளம் நிரம்பாமைக்கு நீர் வாராமை காரணம். ஆனால் நீர் வாராமையை நமக்கு அறிவிப்பது குளம் நிரம்பாமை. நிகழ்ச்சியின் வரிசையும் அறிவின் வரிசையும் எதிரெதிராகச் செல்லுகின்றன. தேர்வு எழுதுவோர் நடுப்படியிற் சறுக்குவது பெரும்பாலும் இவ்விரண்டையும் மயங்குவதாலேயே. ஆங்கில நூல்களைப் பல மாதம் புரட்டியும் விளங்காத இவ்வேறுபாடு, நம் அணியிலக்கணத்தில் இரண்டு சொற்களாக நெடுங்காலமாய் இருந்து வருகின்றது.

குறிச்சொற்களைக் கொண்டே முடிபைப் பிடித்துவிடலாம் எனச் சிலர் கற்பிக்கின்றனர். "ஆகவே", "எனவே", "இதனால்" என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலை மாணாக்கர் மனனம் செய்கின்றனர். பட்டியல் பயனற்றதன்று, ஆனால் அதனையே நம்புவோர் ஏமாறுவர். மேற்காட்டிய பத்தியில் "ஆகவே" நடுப்படியின்மேல் ஒட்டப்பட்டிருந்தது. மெய்யான முடிபின் முன்னே "எனினும்" என்ற சொல்லே நின்றது. வினாத்தாள் அமைப்போர் இப்பட்டியலை அறியாதவரல்லர்; அதனை நம்பி வருவோரையே எதிர்பார்த்து அவர்கள் வலை விரிப்பதுமுண்டு.

தமிழ் மாணாக்கர்க்கு இங்கே தனியானதோர் இடரும் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கும். ஏதுக்களை "ஆதலால்", "ஆகையால்", "என்பதனால்" என அடுக்கிக்கொண்டு சென்று, கருத்தைக் கடைசியில் முடித்தல் நம் மொழிக்கு இயல்பு. ஆகையால், தலைமையானது கடைசியில் வரும் என்னும் எதிர்பார்ப்பு நம் மனத்தில் ஊறிக்கிடக்கின்றது. ஆங்கிலத்தில் எழுதுவோர் கருத்தை முதலிற் கூறிவிட்டு, ஏதுக்களைப் பின்னே தொங்கவிடுதல் மிகுதி. குடிமைப்பணி முதனிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அச்சிடப்படுகின்றது, எல்.எஸ்.ஏ.டி.யோ முற்றிலும் அயல்நாட்டினது. தாய்மொழியில் பயின்ற மாணாக்கர் ஒருவர் ஆங்கிலப் பத்தியின் கடைசி வாக்கியத்தின்மேற் பாய்ந்து வீழ்வாராயின், அதனை அறிவுக்குறை எனல் கொடுமை. மொழிகளின் நடை வேறுபாட்டை அவருக்கு ஒருவரும் எடுத்துக்கூறவில்லை என்பதே உண்மை. அதனைக் கூறுவது கல்லூரியின் கடமை அன்றோ?

நிற்க. இஃது அயலார் கலை என்பார்க்கு நம் மரபை நினைவூட்டுதல் வேண்டும். நியாய நூலார் ஒரு வாதத்திற்கு ஐந்து உறுப்புக்களைக் கூறுவர்: பிரதிக்ஞை, ஏது, உதாரணம், உபநயம், நிகமனம். மலை நெருப்புடையது என்பது பிரதிக்ஞை; புகையுடைமையால் என்பது ஏது; புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு, அடுக்களையிற் போல என்பது உதாரணம்; இம்மலையும் அத்தகைய புகையுடையது என்பது உபநயம்; ஆகவே மலை நெருப்புடையது என்பது நிகமனம். முதலுறுப்பும் இறுதியுறுப்பும் ஒரே கருத்தைக் கூறுவதைக் காண்க. முடிபை முதலில் மேற்கொள்ளாகவும் இறுதியில் நிறைவாகவும் நிறுத்தி, கேட்போன் அதனைத் தவறவிடாதபடி இருபுறமும் கரை கட்டினர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இவ்வுறுப்புக்களை எடுத்துரைத்து, பின்னிரண்டும் முன்னவற்றுள் அடங்கும் என்னும் பௌத்தர் கொள்கையையும் விளக்குகின்றார். ஒரு பெண் காஞ்சியில் தருக்கம் கற்கும் காட்சியைக் காப்பியமாக்கிய மொழி நம்முடையது.

இலக்கண உரையாசிரியர்களின் வழக்கமோ இன்னும் அண்மையில் நிற்கின்றது. ஒரு சூத்திரத்திற்கு உரை காணப் புகுந்தவுடன், அச்சூத்திரம் எதனை உணர்த்த வந்தது என்பதனையே அவர்கள் முதலிற் கூறினர். பதப்பொருளும் எடுத்துக்காட்டும் அதன்பின்னரே வந்தன. காண்டிகையுரையின் உறுப்புக்களை எண்ணும் நன்னூலும் கருத்து என்பதனையே முதலில் வைத்து, பதப்பொருள், காட்டு முதலியவற்றைப் பின்னர் வைக்கின்றது. ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கவேண்டிய எட்டனுள் "நுதலிய பொருள்" ஒன்று. நுதலுதல் என்பது கருதுதல். ஆசிரியன் எதைக் கருதி இதைச் செய்தான் என்று கேட்டறிந்த பின்னரே நூலைத் திறவுங்கள் என்பது அம்மரபின் கட்டளை. தேர்வுத்தாள் கேட்கும் வினாவும் இதுவே அன்றி வேறன்று. பதவுரையை மனனம் செய்து கருத்துரையைக் கைவிட்ட பிற்காலப் பழக்கமே நம்மை இவ்வினாவின் முன் அயலாராக்கிற்று.

சட்டம் பயில விழைவோரிடம் இத்திறத்தை ஏன் இத்துணை வற்புறுத்திச் சோதிக்கின்றனர் என்பதும் அறியத்தக்கது. ஒரு தீர்ப்பில் நீதிபதி எழுதிய யாவும் பிற்காலத்தாரைக் கட்டுப்படுத்துவதில்லை. முடிவைத் தாங்கி நிற்கும் நெறியே கட்டுப்படுத்தும். அதனை இலத்தீன் சொல்லால் ரேஷியோ டெசிடெண்டை என்பர். போகிற போக்கிற் கூறப்பட்டவை ஒபிடர் டிக்டா எனப்படும். அவற்றிற்கு மதிப்புண்டு, ஆணையில்லை. இரண்டையும் பிரித்தறியாதவர் வழக்குரைஞராதல் அரிது.

இதன் பெருமையைக் கேசவானந்த பாரதி வழக்கு நன்கு காட்டும். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் அவ்வழக்கில் தீர்ப்பளித்தனர். தனித்தனியாக எழுதப்பட்ட தீர்ப்புக்கள் 11. 7 பேர் ஒருபுறமும் 6 பேர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். பல நூறு பக்கங்களுக்கு விரிந்த இத்தீர்ப்புக்களினின்று நாட்டிற்குக் கிடைத்த முடிபு யாது? பாராளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்றலாகாது என்பது. இதனை உள்ளிட்ட முடிபுகளைத் தொகுத்து ஒரு சிறு அறிக்கையாக எழுதியபோது, 13 பேருள் 9 பேரே கையெழுத்திட்டனர். 4 பேர் இடவில்லை. தாம் எழுதிய தீர்ப்புக்களின் சாரத்தைத் தொகுப்பதிலேயே நீதிபதிகள் ஒருமைப்படவில்லை எனின், முடிபு காண்டல் எத்துணை அரிய பணி என்பது விளங்கும்.

பெரும்பான்மையை உறுதி செய்தது நீதிபதி எச். ஆர். கன்னாவின் தீர்ப்பு. அவர் சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பைச் சார்ந்ததன்று என்று கூறியிருந்தார். இதனைக் கொண்டு, அடிப்படை உரிமைகள் எவையுமே அக்கட்டமைப்பைச் சார்ந்தவையல்ல என்று அவர் கருதியதாகச் சிலர் பொருள் செய்தனர். ஓர் உரிமையைப் பற்றிய கூற்று எல்லா உரிமைகளுக்கும் விரித்துரைக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டில் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில், தாம் அங்ஙனம் கருதவில்லை என அவரே விளக்கவேண்டியதாயிற்று. "மட்டும்" என்ற சொல்லை விழுங்கி நான்காம் விடையைத் தேர்ந்த நம் மாணாக்கர் செய்ததும் இத்தகைய விரிவே. தேர்வறையில் இப்பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். உச்சநீதிமன்றத்தில் குடிமக்களின் உரிமைகளே போகக்கூடும்.

இனி, எதிர்க்கூற்றுக்கள் சிலவற்றை ஆராய்வோம். "முடிபை நேரே கேட்கும் வினாக்கள் ஒரு தாளில் மிகச் சிலவே; அவற்றிற்கென இத்துணை முயற்சி வேண்டுமோ?" என்பாரும் உளர். வேண்டும். வாதத்தை வலுப்படுத்துவது எது, வலுவிழக்கச் செய்வது எது, அதனுள் மறைந்துள்ள கொள்கை யாது, அதன் குற்றம் யாது என்னும் ஏனைய வினாக்களெல்லாம் முடிபு தெரிந்தபின்னரே விடையளிக்கத் தக்கவை. குளத்தைப் பற்றிய வாதத்தை வலுவிழக்கச் செய்க என்று கேட்டால், "அடுத்த ஊரில் தூர்வாரியபின் குளம் அழகாயிற்று" என்பது பயன்படாது. அவர் அதனை மறுக்கவேயில்லை. "வாய்க்கால் வழியே நீர் நிறைய வந்தது; ஆனால் குளத்தின் அடிமணல் வழியே கசிந்து போயிற்று" என்பதே தைக்கும். நிரம்பாமை நீர் வாராமையையே காட்டும் என்ற நடுப்படியை அது பெயர்த்துவிடுகின்றது. படிகளின் வரிசையை அறியாதவன் எந்தப் படியைப் பெயர்ப்பது என்பதையும் அறியான்.

"ஒரு வினாவிற்கு ஒன்றரை நிமிடமும் இல்லாதபோது இவ்வாராய்ச்சிக்கு நேரமேது?" என்பது மற்றொரு கூற்று. நீந்தத் தெரிந்தவன் வெள்ளத்தில் நின்றுகொண்டு கைகால் அசைக்கும் முறையை எண்ணிப் பார்ப்பதில்லை. குளத்தில் மெல்லப் பழகியது அங்கே தானே வந்து உதவுகின்றது. கல்லூரியின் மூன்றாண்டும் அத்தகைய குளம். பயிற்சி நிலையத்தின் மூன்று மாதம் அதற்கு ஈடாகாது. அங்கே செல்லப் பொருளில்லாத மாணாக்கரும் நம்மிடையே உளர் என்பதை மறத்தலாகாது. கல்லூரி கற்பியாததைப் பணம் கொடுத்தே கற்கவேண்டும் என்றால், ஏழை மாணாக்கரின் தோல்வியில் நமக்கும் பங்குண்டு.

என் செய்யலாம் என்று கேட்பார்க்கு மூன்று சிறு வழிகளைக் கூறுவேன். எதற்கும் புதிய கட்டடமோ பெரும் பொருளோ வேண்டியதில்லை.

முதலாவது, வாரந்தோறும் ஒரு வகுப்பில் நாளிதழ்த் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் முடிபை ஒரே வாக்கியத்தில் மாணாக்கர் தம் சொற்களால் எழுதுக. அதனை எந்த ஏது தாங்குகின்றது என்பதையும் அடுத்த வாக்கியத்தில் எழுதுக. ஒரு வாரம் தமிழ்த் தலையங்கம், மறுவாரம் ஆங்கிலத் தலையங்கம் என மாற்றிக்கொண்டால் இருமொழி நடையின் வேறுபாடும் தானே புலனாகும்.

இரண்டாவது, நம் சொற்போர் மன்றத்தில் ஒரு விதி ஏற்படுத்துக. எதிர்ப்பவர் மறுக்கத் தொடங்குமுன், முன் பேசியவரின் முடிபைத் தாமே எடுத்துக்கூறுதல் வேண்டும். "ஆம், அதுவே என் கருத்து" என்று முன் பேசியவர் ஒப்பியபின்னரே மறுப்புக்கு இடம் தருதல் வேண்டும். இதுவும் நமக்குப் புதிதன்று. சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பிறர் மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி, அதன்பின்னரே மறுப்புரைக்கின்றது. சுபக்கத்தில் தன் கொள்கையை நிலைநாட்டுகின்றது. எதிரியின் கொள்கையைக் கூறவறியாதவனுக்கு அதனை மறுக்கும் உரிமை இல்லை என்பது அவ்வமைப்பின் குறிப்பு.

மூன்றாவது, இலக்கிய வகுப்பிலும் வரலாற்று வகுப்பிலும் அறிவியல் வகுப்பிலும் "இது எதைப் பற்றியது?" என்ற வினாவோடு நில்லாமல், "இதை ஆசிரியர் எதற்காகக் கூறினார்?" என்றும் ஆசிரியர்கள் கேட்டு வருக. ஒரு வினா கூடினால் வகுப்பின் இயல்பே மாறும்.

இறுதியாக ஒன்று. தேர்வு முடிந்துவிடும்; மதிப்பெண் பட்டியலும் மஞ்சளித்துவிடும். ஆயின் பொதுவாழ்விலும் குடும்பத்திலும் நாம் நாள்தோறும் பத்திகளைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றோம். வயது முதிர்ந்த தந்தையார் பேருந்துக் கட்டணத்தையும் முழங்கால் வலியையும் பக்கத்து வீட்டார் வருகையையும் தொலைபேசியிற் கால்மணி நேரம் கூறுவார். "ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ" என்பதே அவர் நுதலிய பொருள். மகனோ பேருந்துக் கட்டணத்திற்கு மறுமொழி கூறிவிட்டு வைத்துவிடுவான். மேடையில் ஒருவர் காட்டிய எடுத்துக்காட்டில் ஒரு சிறு பிழையைக் கண்டு, அவர் கருத்தையே வீழ்த்திவிட்டதாகக் கைதட்டுவோரைக் காண்கின்றோம். அவர் விட்டுக்கொடுத்துக் கூறிய ஒரு வாக்கியத்தைத் தனியே அறுத்தெடுத்து, அதுவே அவர் கொள்கை எனப் பரப்புவோரையும் காண்கின்றோம். இவையெல்லாம் மேற்கூறிய பிழையான விடைகளே அன்றி வேறல்ல.

பிறன் கருத்தை உள்ளவாறு காண்பது அறிவின் கடமை மட்டுமன்று. அது நீதியின் முதற்படியுமாகும். அவன் கூறாததற்காக அவனைத் தண்டியாமலும், அவன் கூறியதை விட்டு வேறொன்றைப் புகழாமலும் இருத்தல் அப்படியேறியவர்க்கே கைகூடும். மாணாக்க நண்பர்களே! அடுத்த முறை ஒரு பத்தியையோ ஒரு பேச்சையோ எதிர்கொள்ளும்போது, ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன்னே, இவர் நுதலிய பொருள் யாது என்று ஒரு கணம் நின்று வினவுங்கள். அக்கணத்தைப் பழக்குவதே கல்லூரிக் கல்வியின் பயன்களுள் தலையாயது.